போர் தண்ணீர் நிரப்பிய வீட்டு நீச்சல் குளத்துக்கு எந்தக் குளோரின் பொருந்தும்?

வீட்டு நீச்சல் குளத்துக்குக் குளோரின் வாங்கப் போகிறவர்கள் கடையில் பெரும்பாலும் இரண்டே கேள்விகளைக் கேட்கிறார்கள்: எத்தனை சதவீதம், கிலோ என்ன விலை. இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் ஓசூரில் வில்லா வீட்டின் பின்புறம் குளம் கட்டியிருப்பவரும், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பண்ணை வீடு வைத்திருப்பவரும், தர்மபுரியில் மாந்தோப்புக்கு நடுவே குளம் வெட்டியிருப்பவரும் இந்த இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டால், சில மாதங்களில் ஓடுகளின் மேல் வெள்ளைப் படிவையோ, எவ்வளவு மருந்து போட்டாலும் தெளியாத பச்சைத் தண்ணீரையோ பார்க்க நேரிடும். கிருமியைக் கொல்லும் வேலையைச் செய்வது எல்லா வகைக் குளோரினிலும் ஒரே பொருள்தான். பொடியாக வந்தாலும், மாத்திரையாக வந்தாலும், கேனில் திரவமாக வந்தாலும், தண்ணீரில் கலந்ததும் உருவாவது ஹைப்போகுளோரஸ் அமிலம். வேறுபாடு, அந்த வேலை முடிந்த பிறகு தண்ணீரில் எது தங்குகிறது என்பதில் இருக்கிறது. ஒன்று சுண்ணாம்புச் சத்தை விட்டுச் செல்கிறது, மற்றொன்று குளோரினை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலத்தை, வேறொன்று வெறும் உப்பை.

தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்பிக்கொள்ளலாம். ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கர் லாரியையும் நம்பியிருக்கும் நம் பகுதியில் அது செலவும் சங்கடமும் தரும் வேலை. அதனால் குளோரினைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, ஏற்கெனவே உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது, அதோடு எதைச் சேர்த்தால் தாங்கும் என்பதையே.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

குளத்துத் தண்ணீரைச் சோதிப்பதற்கு முன், அதை நிரப்பும் போர் தண்ணீரைத் தனியாக ஒரு முறை சோதித்துவிட வேண்டும். கடினத்தன்மை (கரைந்த சுண்ணாம்புச் சத்தின் அளவு), காரத்தன்மை (பி.எச். இறங்கவிடாமல் தாங்கும் தன்மை), பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்), இரும்பு ஆகிய நான்கும் நமக்குத் தேவை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ தனியார் ஆய்வகத்திலோ மாதிரி கொடுத்தால் இவை அனைத்தும் ஒரே அறிக்கையில் வந்துவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் அறிக்கையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பாறைப் பாங்கான இந்த மண்ணில் அடுத்தடுத்த இரண்டு போர்களின் தண்ணீரே ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடக்கூடும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது அதே போரின் தண்ணீரும் மாறும் என்பதால், ஏப்ரலில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் சோதிப்பது நல்லது.

நம் பகுதிக்கே உரிய புளோரைடைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புளோரைடு மிகுந்த தண்ணீரால் பல்லையும் எலும்பையும் தாக்கும் புளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பதற்காகக் கொண்டுவரப்பட்டது. குளோரின் எந்த வகையாக இருந்தாலும் புளோரைடைக் குறைக்காது. குளித்தால் தோல் வழியே புளோரைடு ஏறிவிடும் என்ற அச்சம் தேவையில்லை என்றாலும், நீந்தக் கற்கும் குழந்தைகள் வாய் நிறையத் தண்ணீர் குடிப்பார்கள் என்பதால், புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள போராக இருந்தால் தண்ணீரைத் துப்பிவிடப் பழக்குங்கள். இது காவிரித் தண்ணீராயிற்றே, உப்பு குறைவாக இருக்குமே என்று ஒகேனக்கல் குழாயைக் குளத்துக்குத் திருப்புவது மட்டும் வேண்டாம். அது குடிப்பதற்கென்று கொடுக்கப்பட்ட தண்ணீர்.

கடினத்தன்மை குளத்தில் எப்படி ஏறுகிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் குளோரின் தேர்வு பிடிபடும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் ஏறக்குறைய 45,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். இந்தக் கட்டுரையில் வரும் அளவுகள் எல்லாம் இந்தக் குளத்துக்கே பொருந்துபவை, உங்கள் குளத்துக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 4,800 லிட்டர் போர் தண்ணீரைச் சேர்க்க வேண்டியிருக்கும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். அதிலிருந்த சுண்ணாம்பும் உப்பும், குழம்பு சுண்டச் சுண்ட உப்புக் கரிப்பதைப் போல, குளத்திலேயே தங்கிச் செறிந்துகொண்டே போகும். சேர்க்கும் தண்ணீரின் கடினத்தன்மை 500 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால், ஒரே மாதத்தில் குளத்தின் கடினத்தன்மை 53 பி.பி.எம். ஏறிவிடும். குளோரினைத் தொடுவதற்கு முன்பே இவ்வளவு. குளத்து நீரின் கடினத்தன்மை 200 முதல் 400 பி.பி.எம். வரை இருந்தால் நிம்மதியாகப் பராமரிக்கலாம். அதற்கு மேல் போகப் போக, பி.எச். சற்று உயர்ந்தாலே ஓடுகளிலும் குழாயின் உள்ளேயும் சுண்ணாம்பு படியத் தொடங்கும்.

இதற்கு மலிவான ஒரு மாற்று உண்டு, ஆனால் குளம் வைத்திருப்பவர்களில் பலர் அதை யோசிப்பதே இல்லை. மழைநீரில் கடினத்தன்மை அநேகமாக இல்லை. 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் கிடைக்கும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை விட்டுவிட்டு, அடுத்த மழைகளை ஒரு வடிகட்டி வழியாகக் குளத்துக்குத் திருப்பினால், ஐப்பசி முடிவதற்குள் கோடையில் ஏறிய கடினத்தன்மையில் கணிசமான பகுதி இறங்கிவிடும்.

வெயிலும் பி.எச். அளவும்

குளோரினின் வலிமையை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது பி.எச். சயனூரிக் அமிலம் கலக்காத தண்ணீரில், பி.எச். 7.2 என்றால் இருக்கும் குளோரினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிருமியைத் தாக்கும் வடிவத்தில் இருக்கும்; 7.5-இல் அது பாதியாகும். 8-ஐத் தொட்டால் கால் பங்குக்கு வந்துவிடும். காரத்தன்மை அதிகமுள்ள போர் தண்ணீரில் பி.எச். தானாகவே மேலே ஏறிக்கொண்டிருக்கும் என்பதால், நம் பகுதியில் குளோரின் செலவுக்கு இணையாக ஆசிட் செலவும் இருக்கத்தான் செய்யும். நமது 45,000 லிட்டர் குளத்தில் காரத்தன்மையை 10 பி.பி.எம். குறைக்க, 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 850 மில்லிலிட்டர் தேவைப்படும். காரத்தன்மையை 80 முதல் 120 வரையும், பி.எச்.-ஐ 7.2 முதல் 7.6 வரையும் வைத்துக்கொள்வதை இலக்காகக் கொள்ளுங்கள்.

இரண்டாவது வெயில். கூரையில்லாத குளத்தில், பாதுகாப்பு ஏதுமற்ற குளோரினில் பாதியை உச்சி வெயில் ஒரு மணி நேரத்துக்குள் அழித்துவிடும். காலையில் போட்ட மருந்து பிள்ளைகள் குளிக்க இறங்கும் மாலையில் இல்லாமல் போவதற்குக் காரணம் இதுவே. மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். சயனூரிக் அமிலம் குளோரினைப் பிடித்துவைத்து வெயிலிலிருந்து காக்கிறது. கடைகளில் இதைத்தான் ஸ்டெபிலைசர் என்று சொல்கிறார்கள். 30 முதல் 50 பி.பி.எம். வரை இருந்தால் போதுமானது. அதற்கு மேல் போனால், வெயிலிலிருந்து காத்த அதே பொருள் குளோரினைக் கிருமியிடம் போகவிடாமலும் பிடித்துக்கொள்ளும். குளத்தில் இருக்க வேண்டிய குறைந்தபட்சக் குளோரின், சயனூரிக் அமில அளவில் சுமார் 7.5 சதவீதம் என்று கணக்கிடலாம்: அமிலம் 30 என்றால் குளோரின் 2.5-ஐ ஒட்டி இருந்தால் போதும். 50 என்றால் 4-ஐ ஒட்டி. 100 என்றால் 7.5. கூரைக்குள் இருக்கும் குளத்துக்கு இந்த அமிலமே தேவையில்லை.

சந்தையில் கிடைக்கும் வகைகள்

பிளீச்சிங் பவுடரை முதலில் ஒதுக்கிவிடலாம். ஊராட்சித் தொட்டிக்கும் கிணற்றுக்கும் போடும் அதே பொடி என்பதால் எல்லோருக்கும் பழக்கமானது, விலையும் குறைவு. ஆனால் அதில் பயன்படும் குளோரின் 30 முதல் 35 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு. குளத்தில் அப்படியே தூவினால் தண்ணீர் பால்போலக் கலங்கி, அடியில் வண்டலாகப் படிந்து, ஃபில்டர் மணலையும் கட்டியாக்கும். அவசரத்துக்கு வேறு எதுவும் கிடைக்காத நாளில் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்து, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை மட்டும் குளத்தில் ஊற்றுங்கள். அடியில் நிற்கும் வெள்ளைச் சேற்றைக் குளத்தில் சேர்க்கக் கூடாது.

திரவக் குளோரின், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், கேன்களில் வருகிறது. புதிதாக இருக்கும்போது 10 முதல் 12 சதவீதம் வரை வலிமை இருக்கும். நமது குளத்தில் 1 பி.பி.எம். உயர்த்த, 10 சதவீதத் திரவம் 450 மில்லிலிட்டர் வேண்டும். இது சுண்ணாம்பையும் விட்டுச் செல்வதில்லை, சயனூரிக் அமிலத்தையும் விட்டுச் செல்வதில்லை. தங்குவது கொஞ்சம் சமையல் உப்பு மட்டுமே. கடினத்தன்மை அதிகமுள்ள போர் தண்ணீருக்கு இதைவிடப் பொருத்தமான குளோரின் இல்லை என்பது என் முடிவு. இதன் ஒரே பலவீனம் ஆயுள். வெப்பத்திலும் வெளிச்சத்திலும் இதன் வலிமை வாரக்கணக்கில் குறைந்துகொண்டே போகும். தகரக் கூரைக் கொட்டகையில் வைத்த கேன் கோடையில் எவ்வளவு வேகமாகச் செத்துப்போகும் என்பதை, வாசனை அடிக்கிறதே என்று நம்பிப் பயன்படுத்துகிறவர்கள் அறிவதில்லை. வாசனை கடைசிவரை இருக்கும், வலிமைதான் இருக்காது. ஆகவே உற்பத்தித் தேதி இல்லாத கேனை வாங்காதீர்கள். பதினைந்து நாளுக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். நிறைய வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், வாங்கிய அன்றே நல்ல தண்ணீர் சேர்த்துப் பாதி வலிமைக்குக் கொண்டுவந்து வைத்தால், அது கெடும் வேகம் வெகுவாகக் குறையும்; போடும்போது இரட்டிப்பு அளவு ஊற்ற வேண்டும் என்பதை மட்டும் கேனின் மேல் எழுதி வையுங்கள். ஓசூர் போன்ற தொழில் நகரத்துக்கு அருகில் இருப்பவர்களுக்குப் புதிய சரக்கு கிடைப்பது எளிது. அரூர், பென்னாகரம் பக்கம் இருப்பவர்கள் தேதியைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கும்.

கால்சியம் ஹைப்போகுளோரைட் பருபருவென்ற குருணையாக வரும். 65 முதல் 70 சதவீதம் வலிமை உடையது. 1 பி.பி.எம். உயர்த்த 65 சதவீதப் பொருள் 70 கிராம் போதும். சரியாக மூடி வைத்தால் நீண்ட நாள் கெடாது என்பது இதன் பெரிய வசதி. ஆனால் இது சேர்க்கும் ஒவ்வொரு 10 பி.பி.எம். குளோரினோடும் சுமார் 7 பி.பி.எம். கடினத்தன்மையும் சேரும். தினமும் 2 பி.பி.எம். போட்டால் மாதத்துக்கு 42. மேலே கணக்கிட்ட, ஆவியாதலால் வரும் 53-ஐ இதோடு கூட்டிப் பாருங்கள்: மாதத்துக்கு 95. நிரப்பும்போதே 300-இல் இருக்கும் குளம், இரண்டு மாதம் முடிவதற்குள் 400-ஐத் தாண்டி 500-ஐ நெருங்கிவிடும். ஆகவே போர் தண்ணீரின் கடினத்தன்மை 200-க்குக் கீழே இருப்பவர்களும், மழைநீரால் நிரப்புகிறவர்களும் இதைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். மற்றவர்கள் பாசி பிடித்த நாளில் போடுவதற்கு ஒரு டப்பா வைத்துக்கொண்டால் போதும்.

இனி, கடைக்காரர்கள் பெரும்பாலும் முதலில் எடுத்துக் காட்டும் டி.சி.சி.ஏ. 90. டிரைகுளோர் என்றும் சொல்வார்கள். 90 சதவீதம் என்று எழுதியிருப்பதும், 200 கிராம் மாத்திரையாக மெதுவாகக் கரைவதும், மிதவையில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்பதும் இதன் கவர்ச்சி. இது தண்ணீரின் பி.எச்.-ஐக் குறைக்கும் தன்மை உடையதால், காரத்தன்மை அதிகமான நம் தண்ணீரில் ஆசிட் செலவையும் குறைக்கிறது. அது உண்மையான நன்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு 10 பி.பி.எம். குளோரினுடனும் 6 பி.பி.எம். சயனூரிக் அமிலம் சேர்கிறது. நமது குளத்தில் ஒரு மாத்திரை 4 பி.பி.எம். குளோரினையும் 2.4 பி.பி.எம். அமிலத்தையும் தரும். இதையே தினசரி மருந்தாக வைத்து நாளுக்கு 2 பி.பி.எம். போட்டால், மாதத்துக்கு 36 பி.பி.எம். அமிலம் ஏறும். 30-இல் தொடங்கிய குளம் இரண்டு மாதத்தில் 100-ஐத் தாண்டும். அதன் பிறகு சோதனையில் குளோரின் 3 என்று காட்டும், ஆனாலும் தண்ணீர் பச்சையாகும். உரிமையாளர் இன்னும் இரண்டு மாத்திரை போடுவார், அமிலம் இன்னும் ஏறும். இந்த அமிலம் வெயிலில் ஆவியாகாது, ஃபில்டரில் தங்காது, நடைமுறையில் தண்ணீரை வெளியேற்றினால்தான் இறங்கும். 100-ஐ 50-க்குக் கொண்டுவர 22,500 லிட்டரைக் கொட்டிவிட்டு, அதே அளவுக்கு, அதாவது 12,000 லிட்டர் லாரி இரண்டு என்ற கணக்கில், புதிய தண்ணீர் வாங்க வேண்டும். கிலோ விலையைப் பார்த்து வாங்கியவர் இந்த லாரி வாடகையையும் அதோடு சேர்த்துக் கணக்குப் பார்ப்பதில்லை.

எனவே மாத்திரைகளை எண்ணி வைத்துக்கொள்வதே வழி. 30-இலிருந்து 50 வரை ஏற நமது குளத்துக்கு எட்டு மாத்திரை போதும். பெங்களூரிலிருந்து வார இறுதியில் மட்டும் வந்துபோகும் பண்ணை வீட்டுக்காரர்கள், ஆளில்லாத நாட்களுக்கு மட்டும் மிதவையில் மாத்திரை வைத்து, ஒவ்வொன்றையும் சுவரில் கோடு போட்டுக் கணக்கு வைத்தால், எட்டாவது கோட்டில் நிறுத்தி அமிலத்தைச் சோதித்துப் பார்க்கலாம். மாத்திரையை நேராகத் தரையில் போட்டால் ஓட்டின் இடுக்குச் சாந்தை அரித்துவிடும். பம்பு ஓடாத நேரத்தில், மேற்பரப்புக் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடைக்குள் கிடந்தால், அங்கே தேங்கும் பி.எச். மிகவும் இறங்கிய தண்ணீர் அடுத்த முறை பம்பு ஓடும்போது உலோகப் பாகங்களைத் தின்னும். மின்சாரம் போய்ப் போய் வரும் இடங்களில் இதை மறக்கவே கூடாது. பாசியைக் கொல்லும் கூடுதல் சக்தி என்று நீல நிறத்தில் விற்கும் மாத்திரைகளில் செம்பு உப்பு இருக்கலாம்; அது வெள்ளை ஓட்டில் பச்சைக் கறையை உண்டாக்கும், பொன்னிறமாகச் சாயமிட்ட தலைமுடியையும் விட்டுவைக்காது. சேர்க்கைகளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எஸ்.டி.ஐ.சி. என்ற டைகுளோர் குருணை, மாத்திரையின் தங்கை. வலிமை 56 சதவீதம், உடனே கரையும், பி.எச்.-ஐ அதிகம் அசைக்காது. ஆனால் 10 பி.பி.எம். குளோரினுக்கு 9 பி.பி.எம். சயனூரிக் அமிலம் என்று, மாத்திரையைவிட வேகமாக அமிலத்தை ஏற்றும். இந்தக் குறையையே பயனாக்கிக்கொள்ளலாம்: புதிதாக நிரப்பிய குளத்தில் அமிலம் பூஜ்யம். முதல் இரண்டு வாரங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 180 கிராம் எஸ்.டி.ஐ.சி. போட்டு வந்தால், குளோரினும் கிடைத்துவிடும், அமிலமும் 30-ஐ ஒட்டி வந்துவிடும். அதன் பிறகு நிறுத்திவிட வேண்டும்.

உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவியைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு என்ற கணக்கில் நமது குளத்துக்கு 135 முதல் 180 கிலோ வரை உப்பு வேண்டும்; கடினத் தண்ணீரில் அதன் மின்தகடுகளில் சுண்ணாம்பு படிந்து அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும்; குளத்தைக் கழுவிய தண்ணீரை மாங்கன்றுக்கோ ரோஜாச் செடிக்கோ விட முடியாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வைத்துக்கொண்டு இதில் பணம் போட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதை, எப்போது

கூரையில்லாத குளம், தினமும் வீட்டில் ஆள் இருக்கிறார், போர் தண்ணீரின் கடினத்தன்மை 200-க்கு மேல் என்றால், முதல் இரண்டு வாரம் எஸ்.டி.ஐ.சி., அதன் பிறகு அன்றாடம் திரவக் குளோரின். கடினத்தன்மை குறைவு, திரவம் புதிதாகக் கிடைக்காது என்றால், திரவத்தின் இடத்தில் கால்சியம் ஹைப்போகுளோரைட். ஆள் இல்லாத நாட்களுக்கு மட்டும், எண்ணிக்கையோடு, டி.சி.சி.ஏ. மாத்திரை. தினசரித் தேவை எவ்வளவு என்பதைக் குளமே சொல்லும்: மாலையில் போட்டு, காலையில் வெயில் ஏறுமுன் ஒரு முறையும் அடுத்த மாலையில் ஒரு முறையும் சோதித்தால், ஒரு நாள் எவ்வளவைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலிருக்கும் ஓசூரின் குளுமையில் போதுமாக இருக்கும் அளவு, மே மாதத் தர்மபுரிக்குப் போதாது. இரவில் மட்டும் 1 பி.பி.எம்.-க்கு மேல் குறைந்தால், வெயில் காரணமல்ல. பாசியோ அழுக்கோ உள்ளே இருக்கிறது என்று பொருள். மாமரங்கள் பூக்கும் தை, மாசி மாதங்களில் உதிரும் பூவும் மகரந்தமும் குளோரினை வீணாகக் குடிக்கும். தோப்பில் மருந்து தெளிக்கும் நாளில் குளத்தை மூடிவிடுங்கள்.

இரும்புச் சத்துள்ள போர் தண்ணீரில் முதல் நாளே மொத்தக் குளோரினையும் கொட்டினால் குளம் தேநீர் நிறத்துக்கு மாறும். இரும்பு துருவாகப் பிரிவதே அதற்குக் காரணம். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஃபில்டரை இடைவிடாமல் ஓட்டி, தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவும் பேக்வாஷை அடிக்கடி செய்தால் தெளிந்துவிடும்.

போடும் முறையும் சோதிக்கும் முறையும்

சூரியன் சாய்ந்த பிறகு பம்பை ஓடவிட்டு மருந்து போடுங்கள். குருணையானால், ஒரு பிளாஸ்டிக் வாளியில் முக்கால் வாளி குளத்துத் தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதன் மேல் குருணையைப் போட்டுக் கட்டையால் கலக்குங்கள். குருணையின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, சூடேறித் தெறிக்கும். கரைசலைத் தண்ணீர் குளத்துக்குள் திரும்பி வரும் குழாய் வாய்க்கு அருகில் தொடங்கி, கரையோரமாக நடந்தபடியே மெல்ல ஊற்றி வாருங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடிக்கட்டும். திரவமானால் வாளி தேவையில்லை, அளவுக் குவளையிலிருந்து நேராகவே ஊற்றலாம். எதுவானாலும் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் வேண்டாம்.

சோதிப்பதற்கு, மஞ்சள் நிறம் காட்டும் மலிவான சொட்டு மருந்துப் பெட்டி தண்ணீரிலுள்ள மொத்தக் குளோரினைத்தான் சொல்லும். அதில் கிருமியைக் கொல்லாத, கழிவோடு சேர்ந்துபோன குளோரினும் அடங்கும். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. வகைப் பெட்டியை வாங்குங்கள். குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த இளஞ்சிவப்பும் வெளுத்து, குளோரினே இல்லாததுபோலத் தோன்றும் என்பதால், சந்தேகம் வந்தால் குளத்துத் தண்ணீரோடு சம அளவு குடிநீர் கலந்து மறுபடி சோதித்து, வரும் அளவை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். குளிப்பவர்களுக்குக் கண் எரிந்து, நெடியும் மூக்கில் ஏறினால், குளோரின் கூடிவிட்டது என்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் நேர் எதிரானது. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்த குளோரினின் நெடி அது, அப்போது மேலும் குளோரின் போட்டு அதை எரித்தாக வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் குளோரினை அளக்காது.

சயனூரிக் அமிலத்தை மாதம் ஒரு முறை சோதித்தால் போதும். குளத்துத் தண்ணீரையும் சோதனைத் திரவத்தையும் சம அளவில் ஒரு புட்டியில் ஊற்றிக் குலுக்கினால், அமிலத்தின் அளவுக்கு ஏற்பத் தண்ணீர் வெண்மையாகக் கலங்கும். அடியில் கரும்புள்ளி உள்ள குழாயில் அந்தக் கலங்கலை மெதுவாக ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி கண்ணுக்கு மறையும் இடத்தில் குழாயில் உள்ள எண்ணே விடை. மரநிழலில் பார்த்தால் ஒரு விடை, வெயிலில் பார்த்தால் இன்னொரு விடை வரும் என்பதால், எப்போதும் வெயிலுக்கு முதுகைக் காட்டி, உடலின் நிழலில் குழாயைப் பிடித்துப் பாருங்கள்.

வைக்கும் இடமும் கலக்கக் கூடாதவையும்

பண்ணை வீடுகளில் குளோரின் டப்பா பெரும்பாலும் உர மூட்டைகளோடு ஒரே அறையில் கிடக்கிறது. இதைவிட ஆபத்தான இடம் இல்லை. கால்சியம் ஹைப்போகுளோரைட் டீசல், கிரீஸ், எண்ணெய்த் துணி போன்றவற்றைத் தொட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். யூரியாவோடும் அம்மோனிய உரங்களோடும் சேர்ந்தால் வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகும். ஆசிட் கேனைத் திரவக் குளோரின் கேனுக்குப் பக்கத்தில் வைத்து, கசிந்து இரண்டும் கலந்தால் நச்சுவாயு கிளம்பும். இரண்டையும் ஒரே நாளில் குளத்தில் போட வேண்டியிருந்தால், ஆசிட்டை முதலில் போட்டு, பம்பு ஓடி நன்றாகக் கலந்து சில மணி நேரம் கழிந்த பிறகே குளோரின். டி.சி.சி.ஏ. மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் இரண்டுமே குளோரின்தானே என்று ஒரே மிதவையிலோ ஒரே வாளியிலோ போட்டால், அவை ஒன்றோடொன்று வினைபுரிந்து வெடிக்கலாம். மாத்திரைக்கு வைத்திருக்கும் மிதவையில் வேறு எந்த மருந்தையும் எந்த நாளும் போடாதீர்கள்.

டப்பாக்கள் தரையைத் தொடாமல், ஈரம் படாமல், காற்றோட்டமுள்ள தனி அறையில், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைக்கப்பட வேண்டும். திரவக் கேனை மட்டும் கீழ்த் தட்டில் வையுங்கள், மேலே வைத்துக் கசிந்தால் கீழே உள்ள குருணை நனையும். ஒவ்வொரு வகைக்கும் தனியாக ஒரு உலர்ந்த அளவுக் குவளை வைத்து, அதன் மேல் அழியாத மையில் பெயர் எழுதி ஒட்டுங்கள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர்தான் மருந்து போடுகிறார் என்றால், அவர் படிக்கும் மொழியில், எத்தனை குவளை, எந்த நேரத்தில் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.